நீ கை வெச்சாலும் உடையாத பேஞ்சோ

தணிகா,

ஞாயித்துக்கெழமை நீ போன்ல அனுப்பின கேள்விக்கு நான் இன்னும் பதில் போடல. பார்த்துட்டேன்னு ரெண்டு நீலக் கோடு உனக்குக் காட்டியிருக்கும். நடுவுல மூணு வாட்டி உனக்கு போன் பண்ணேன். ஒரு வாட்டி மழையப் பத்திப் பேசினேன். ஒரு வாட்டி உங்கம்மா முட்டி வலியப் பத்திப் பேசினேன். மூணாவது வாட்டி நீ எடுத்ததும், கஸ்டமர் வந்துட்டான் அப்புறம் பேசறேன்னு சொல்லி வெச்சுட்டேன். கடையில ஒரு ஈ கூட இல்ல. இன்னிக்கு புதன்கெழமை. காலையில இருந்து ஒரு வண்டியையும் தொடாம, ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி மேல பேப்பர வெச்சு எழுதிகினு இருக்கேன். இது வெள்ளிக்கெழமைக்குள்ள உன் கைக்கு வந்து சேரணும். ஏன்னா சனிக்கெழமை பேஞ்சோ வாங்க கடைக்குப் போறேன்னு சொல்லியிருக்க. ஞாயித்துக்கெழமை அத எடுத்துகினு திருத்தணிக்கு வந்து பக்கத்து லேத்துப் பட்டறை மஸ்தான் பாய் கிட்ட சுதி சேர்த்துக்கறேன்னும் சொல்லியிருக்க. பாய் கிட்ட நீ போறதுக்கு முன்னாடி இத நீ படிச்சிருக்கணும். ஏன்னு போகப் போகச் சொல்றேன். எனக்கு எதையும் சுத்தி வளைக்காம சொல்ற பழக்கம் இருக்குதுன்னு ஊருல பேரு. இந்த ஒரு விசயத்துல மட்டும் அந்தப் பேரு உடான்ஸ்.

நீ எழுதினத நான் மனப்பாடமாவே சொல்லுவேன். "நைனா, பேஞ்சோ கத்துக்கலாம்னு ஆசையா இருக்கு. பாய் வாசிப்பாரே, பட்டன் வெச்சது, அத வாங்கறதா? இல்ல போன்ல வெள்ளக்காரங்க வாசிக்கறாங்களே, ரவுண்டா இருக்கறது, அத வாங்கறதா? நான் கை வெச்சாலும் உடையாததா ஒண்ணு சொல்லு." அதுக்குப் பின்னாடி கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்மை ஒண்ணு. நீ வெளையாட்டாத்தான் எழுதின. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. உங்கம்மா கேட்டதுக்கு வாயுத் தொல்லைன்னு சொன்னேன்.

மொதல்ல நீ கேட்ட கேள்விக்கு பதில் சொல்றேன். கேக்காத கேள்விக்கு அப்பால வரேன். பட்டன் பேஞ்சோ உனக்குத் தெரிஞ்சதுதான். ஒரு பலகைப் பெட்டி, அது மேல கம்பிங்க, கம்பிக்கு மேல பழைய டைப்ரைட்டர்ல இருக்கற மாதிரி பட்டனுங்க. மடியிலயோ தரையிலயோ படுக்க வெச்சு, இடது கையில பட்டன அமுக்கி, வலது கையில ஒரு பிளாஸ்டிக் வில்லையால கம்பியத் தட்டணும். எந்தப் பட்டனுக்கு எந்த சுரம்னு அதுலயே முடிஞ்சு போச்சு. சுதி சரியா இருந்தா, புதுசா தொடறவன் கூட ஒரு வாரத்துல தெரிஞ்ச பாட்டு ஒண்ண தட்டிடலாம். நம்ம பஜனை கோஷ்டியில பாய் வாசிச்சது அதான். அவரு பழச எனக்குக் குடுத்து நான் டிங்கு டிங்குன்னு தட்டிகினு இருந்ததும் அதான். ரவுண்டு பேஞ்சோ வேற ரகம். வட்டமா ஒரு சட்டத்துல கஞ்சிராவுக்கு இழுக்கற மாதிரி தோலு இழுத்திருப்பாங்க. இப்ப தோலுக்கு பதிலா பிளாஸ்டிக்தான். அதுல இருந்து நீளமா ஒரு கழுத்து. கிட்டார் மாதிரி நெஞ்சோட சாய்ச்சுப் புடிக்கணும். சுரம் எங்க இருக்குதுன்னு விரலுதான் தேடிக் கண்டுபுடிக்கணும்.

ரவுண்டு பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு நீ யோசிப்ப. திங்கக்கெழமை கடையப் பூட்டிட்டு, கார்புரேட்டர் சாமான் வாங்கப் போறேன்னு உங்கம்மா கிட்ட சொல்லிட்டு, ரயில் ஏறி சென்னைக்குப் போனேன். சென்ட்ரல்ல எறங்கி விசாரிச்சுகினே ஒரு வாத்தியக் கடையக் கண்டுபுடிச்சேன். நீ இருக்கற ஊருக்கு வந்துட்டு உன்ன பாக்காம திரும்பினேன், அதையும் சேர்த்து சொல்லிடறேன். கடையில கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கிரீஸ் கறை போகாத என் கையப் பார்த்துட்டு, "யாருக்குங்க?"ன்னு கேட்டாங்க. என் பையனுக்கும்மான்னேன். "எத்தன வயசு?" முப்பத்தொண்ணுன்னேன். அந்தம்மா சிரிக்கல. உட்காருங்கன்னு ஸ்டூல் போட்டாங்க. அதுக்கே எனக்கு அவங்க மேல மரியாத வந்துடுச்சு.

அவங்க சொன்னத அப்படியே எழுதறேன். ரவுண்டுலயே நாலு கம்பி, அஞ்சு கம்பி, ஆறு கம்பின்னு இருக்குதாம். ஆறு கம்பி, ஏற்கெனவே கிட்டார் தெரிஞ்சவங்க சுலபமா தாவிக்கறதுக்கு. நாலு கம்பி, வில்லை வெச்சு படபடன்னு தட்டறவங்களுக்கு. புதுசா, தனியா வீட்டுல உட்கார்ந்து கத்துக்கறவன் அஞ்சு கம்பி எடுக்கறதுதான் நல்லதாம், சொல்லித் தர்ற ஆளுங்களும் வீடியோவும் அதுக்குத்தான் நெறைய கெடைக்குமாம். அதுல அஞ்சாவது கம்பி மட்டும் கழுத்துல பாதியில இருந்து கெளம்புது. கட்டைவெரலு தட்டறதுக்குன்னே வெச்சது. பின்பக்கம் மூடி போட்டது சத்தம் ஜாஸ்தி, கனமும் ஜாஸ்தி. தொறந்தே இருக்கறது லேசு, வீட்டுக்கு அது போதும். நான் என் பங்குக்கு கழுத்த கண்ணுக்கு நேரா புடிச்சு, வண்டியோட முன் ஃபோர்க் வளைஞ்சிருக்குதான்னு பாக்கற மாதிரி பார்த்தேன். நீயும் அப்படிப் பாரு. கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியா இருந்தா வேணாம்னு சொல்லிடு, ஒரே வாரத்துல விரலு நொந்து மூலையில போட்டுடுவ. கம்பிய முறுக்கற திருகு உள்ள கியர் வெச்சதா இருக்கணும். சும்மா சொருகி வெச்சது வழுக்கிகினே இருக்கும். இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு அந்தம்மா கேட்டாங்க, "கம்பி மாத்த வருமாங்க உங்க பையனுக்கு?" அவன் எதுலயும் கை வெக்க மாட்டாம்மான்னு சொன்னேன். "ஏங்க?"ன்னாங்க. ரயிலுக்கு நேரம் ஆச்சுன்னு எழுந்து வந்துட்டேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு.

இப்ப நான் எதுக்கு சென்னைக்குப் போனேன்னு சொல்றேன். உனக்கு நல்லதாப் பார்த்துச் சொல்லணும்னு போகல. நீ ரவுண்டு வாங்கணும், அதுக்கு நாலு காரணம் தேடிகினு வரணும்னு போனேன். ரவுண்டுன்னா மஸ்தான் பாய்க்குத் தெரியாது. அப்ப நீ அவர் கிட்டப் போக மாட்ட. அவர் எதிருல உட்கார்ந்து, கம்பியப் பத்திப் பேசி, பேச்சோட பேச்சா உன் கண்ணு பத்திக் கேக்க மாட்ட. இந்த வயசுல ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு இதுக்காக ரயில் ஏறினவன் உன் நைனா. திரும்பி வரும்போது ரயில்லயே டைப் பண்ணேன். "ரவுண்டே வாங்கு, அஞ்சு கம்பி, பட்டன் பேஞ்சோ உனக்கு சரிப்படாது." எழுத்து ஒவ்வொண்ணா தேடித் தேடி அமுக்கி முடிக்கறதுக்குள்ள திருவள்ளூர் தாண்டிடுச்சு. அனுப்பறதுக்கு விரலு போகும்போது வண்டி மணவூர்ல நின்னுச்சு. அங்க நான் அத அழிச்சேன். மணவூர்ல ஏன்னு கடைசியில புரியும்.

உனக்கு ஆறு வயசு. ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் இருக்கு. உனக்குத் தெரியும், அந்த வாரம் ஊருக்குள்ள வர்ற வண்டிக்கு கணக்கே இல்ல, எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காவடியோட மலை ஏறற எங்க கோஷ்டியில அந்த வருசம் பாய்க்குப் பக்கத்துல நானும் பேஞ்சோ தட்டப் போறேன்னு எல்லார் கிட்டயும் பீத்திகினு இருந்தேன். அப்ப பார்த்து மேல் கம்பி அறுந்து போச்சு. பேஞ்சோ கம்பி வேணும்னா சென்னைக்குப் போகணும். வண்டிங்க வரிசையா நிக்குது. பக்கத்து லேத்துல இருந்து பாய் சொன்னாரு, "மேஸ்திரி, நான் நாளைக்குப் போய் வாங்கியாறேன், ஒரு நாள் பொறு." நான் எங்க பொறுத்தேன்? ஆணியில புது கிளட்ச் கேபிள் தொங்கிகினு இருந்துச்சு. அத அறுத்து, உள்ள முறுக்கியிருக்கற இழையில ஒண்ண உருவினேன். பாய் பார்த்துட்டு எழுந்தே வந்துட்டாரு. "அது வாத்தியத்துக்கு ஆகாது மேஸ்திரி. அந்த இரும்பு வேற, நெளிஞ்சது நெளிஞ்சபடியே இருக்கும், அறுந்தா மூஞ்சிக்கு வரும்." நான் சிரிச்சேன். வண்டியையே இழுக்கற ஒயரு பாய், ஒரு பாட்ட இழுக்காதான்னு கேட்டேன். சுத்தி நின்ன ஆளுங்களும் சிரிச்சாங்க. பாய் திரும்பி லேத்துக்குப் போயிட்டாரு. மெக்கானிக்குக்கு மட்டும்தான் அந்தப் புத்தி வரும். வேற எவனும் அத செய்ய மாட்டான்.

ஒயரு நெளி நெளியா இருந்துச்சு. பிளையரால புடிச்சு நீவி நீவி நேராக்கினேன். பேஞ்சோவுல மாட்டி முறுக்கினேன். சுதி வரல. இன்னும் முறுக்கினேன். வந்துடுச்சுன்னு நெனைக்கும்போது ஒருத்தன் வண்டிய எடுத்துகினு வந்து அவசரப்படுத்தினான். பேஞ்சோவ அப்படியே பெஞ்ச் மேல வெச்சுட்டு அவன் வண்டிக்கு அடியில குனிஞ்சேன். நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்த. பையக் கூட எறக்கல. பெஞ்ச் கிட்ட போய் எட்டிப் பார்த்து பட்டன அமுக்கி கம்பியத் தட்டின. அதுவும் எனக்குத் தெரியும், அமுக்கித் தட்டினதோட சரி, திருகல, ஏன்னா ரெண்டு சுரம் இழுபடாம சுத்தமா என் காதுல விழுந்துச்சு. மூணாவது சத்தம் கம்பி அறுந்தது.

நான் வண்டிக்கு அடியில இருந்து எழுந்து வர்றதுக்குள்ள, இடது கண்ண ரெண்டு கையாலயும் மூடிகினு நின்ன. அழுவல. அழுதிருந்தா நான் உடனே உன்ன தூக்கியிருப்பேனோ என்னமோ. என் வாயில இருந்து மொதல்ல வந்தது, "எதுக்குடா அத திருகின?" நீ சொன்ன, "நான் திருகல நைனா." நான் மறுபடியும் கத்தினேன், திருகாம எப்படிடா அறுந்துச்சுன்னு. அங்க நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க தணிகா. கிளட்ச் ஒயரப் போட்டுட்டு பாய் கிட்ட சிரிச்சத பார்த்த அதே ஆளுங்க. அவங்க முன்னாடி தப்பு என்னுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவ்வளவுதான் காரணம். பெருசா ஒண்ணும் இல்ல, வெறும் வெக்கம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டப்ப, பையன் வாத்தியத்தத் திருகிட்டான் சார்னு சொன்னேன். உங்கம்மா ஓடி வந்து கேட்டப்பவும் அதையே சொன்னேன். அவ உன்ன மடியில போட்டுகினு அழுதுகினே, "ஏன்டா எதப் பார்த்தாலும் கை வெக்கற?"ன்னு திட்டினா. கட்டுப் போட்ட கண்ணோட நீ அவ மூஞ்சியையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்த. கருவிழியில கீறல், தழும்பா நின்னுடும், அந்தக் கண்ணுல பார்வ புகை மூட்டமாத்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும், பக்கத்து வீட்டம்மா வந்து உன் கிட்டயே கேட்டாங்க, "எப்படிப்பா ஆச்சு?"ன்னு. நீ சொன்ன, "நான்தான் திருகிட்டேன்." நான் வாசல்ல நின்னு கேட்டுகினு இருந்தேன். ஆறு வயசுப் புள்ள, கண்ணால பார்த்தத விட நைனா சொன்னத நம்பின. அன்னிக்கு நான் உள்ள வந்து, இல்லடா கண்ணு, அது நைனா போட்ட ஒயருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் பொழப்பே வேற. நான் செருப்ப மாட்டிகினு கடைக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் நீ கடைக்கு வந்தா ரெண்டு கையையும் பின்னால கட்டிகினு நிப்ப. அத பார்த்துட்டு வர்றவங்க, பையன் என்ன மரியாத பாருன்னு சொல்லுவாங்க. ஸ்பேனர எடுத்துக் குடுடான்னா, "நீயே எடுத்துக்க நைனா"ன்னுவ. சைக்கிள் செயின் கழண்டா தள்ளிகினே வருவ, மாட்ட மாட்ட. காலேஜ் படிக்கும்போது ஃபியூஸ் போட பக்கத்து வீட்டுக்காரர கூப்பிட்ட. "நான் கை வெச்சா உருப்படாது"ன்னு நீ சிரிச்சுகினே சொல்லுவ, உங்கம்மாவும் ஆமாம்னு சிரிப்பா, நானும் கூட சேர்ந்து சிரிச்சிருக்கேன். மெக்கானிக் பையனுக்கு ஸ்க்ரூ டிரைவர் புடிக்கத் தெரியலன்னு ஊரு உன்ன கலாய்ச்சப்பவும் நான் அங்கதான் இருந்தேன்.

ரயில்வே பரிச்சையில பாஸ் பண்ணி நீ மெடிக்கலுக்குப் போன நாளு ஞாபகம் இருக்குதா? நானும் கூட வந்தேன். கண்ணு சரியில்லன்னு எழுதிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, எஞ்சின் ஓட்டற வேலை அது. திரும்பி வர்றப்ப ஜன்னலோரம் நீ, பக்கத்துல நான். வண்டி திருவள்ளூர் தாண்டுச்சு. அப்புறம் வெளிய பார்த்துகினே சொன்ன, "என் கையாலயே கெடுத்துக்கினேன் நைனா. யார இன்னா சொல்றது?" அப்பவே உண்மையச் சொல்லிடணும்னு வாயத் தொறந்தேன். ரயில் நின்னுச்சு. நான் சொன்னேன், "மணவூர் வந்துடுச்சு. பசிக்குதா, சுண்டல் வாங்கட்டுமா?" நீ வேணாம்னு தலைய ஆட்டின. அப்படி ஒரு எடத்துல சுண்டல் பத்திப் பேசினவன் நான். இந்தத் திங்கக்கெழமை அதே ஸ்டேஷன்ல, அதே மாதிரி இன்னொரு பொய்ய கையில வெச்சுகினு உட்கார்ந்திருந்தேன். அதனாலதான் அத அழிச்சேன்.

ஆனா அது மட்டும் இல்ல. போன பொங்கலுக்கு நீங்க வந்திருந்தப்ப உன் பொண்ணு என் டூல் பெட்டியில இருந்து சின்ன ஸ்பேனர ஒண்ண எடுத்து, ஒரு நட்டுல மாட்டிப் பார்த்துகினு இருந்தா. சரியா மாட்டிட்டா, தெரியுமா? நீ ஓடி வந்து அவ கையில இருந்து அத புடுங்கின. "தொடாத பாப்பா. நம்ம கை வெச்சா உடைஞ்சிடும்." நம்ம கைன்னு சொன்ன. அவ கைய எடுத்து ரெண்டையும் பின்னால கட்டிக்கினா. உன்ன மாதிரியே, அதே மாதிரி, ஒரு விரல் கூட மாறல. நான் அன்னிக்கு வயித்த வலிக்குதுன்னு போய்ப் படுத்துட்டேன். என் பொய்யி உன்னோட முடிஞ்சு போகும்னு நெனச்சேன் தணிகா. அது அந்தக் குழந்த கை வரைக்கும் போயிடுச்சு.

நேத்து பாய் கிட்டப் போனேன். பக்கத்துப் பக்கத்துக் கடை, தெனமும் டீ வாங்கிக் குடுத்துக்குவோம், ஆனா இந்தப் பேச்ச மட்டும் ரெண்டு பேரும் எடுத்ததே இல்ல. கம்பி அறுந்த அன்னிக்கு, உன்ன தூக்கிகினு நான் ஓடினப்புறம், கீழ கெடந்த ஒயர எடுத்து வெச்சுகினது அவருதான். மறுநாள் ஆஸ்பத்திரியில என்ன தனியா கூப்பிட்டு, "மேஸ்திரி, நான் போய்ப் புள்ள கிட்ட சொல்ல மாட்டேன், அது உன் வேலை. ஆனா புள்ள வந்து என்ன கேட்டா பொய் சொல்ல மாட்டேன்"னாரு. அதோட சரி. அதுக்கப்புறம் என் கடைக்கு அவரு பேஞ்சோவ எடுத்துகினு வந்ததும் இல்ல, நான் அத தொட்டதும் இல்ல. நேத்து நான் போய், தணிகா பேஞ்சோ கத்துக்கப் போறான் பாய், ஞாயித்துக்கெழமை உங்க கிட்ட வர்றான்னு சொன்னேன். அவரு லேத்த நிறுத்தினாரு. டிரில் பிட்டு வெச்சிருக்கற டிராயர தொறந்து, அடியில இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவ எடுத்து என் கையில வெச்சாரு. உள்ள அந்த ஒயரு. "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுவியா?"ன்னு கேட்டாரு. ஆங், சொல்லிடறேன் பாய்னேன். அவரு என்ன நம்பின மாதிரி தெரியல.

அவரு கேக்கறதுக்குப் பயந்துதான் எழுதறேன்னு நீ நெனச்சா, ஆமாம், அதுவும் ஒரு காரணம்தான். மூடி மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அவருக்காக மட்டும்னா உன் கிட்ட சொல்லிட்டு நிறுத்தியிருப்பேன். இன்னிக்கு காலையில உங்கம்மா கிட்டயும் சொன்னேன். டீ டம்ளர கையில வெச்சுகினே கேட்டா. "அந்தப் புள்ளைய நான் எத்தன வாட்டி திட்டியிருக்கேன்"னு மட்டும் சொன்னா. என் கிட்டச் சொல்லல, சுவத்துக் கிட்டச் சொன்னா. அப்புறம் எழுந்து போய், கொடியில காய்ஞ்சுகினு இருந்த துணியெல்லாம் எடுத்து மறுபடியும் துவைக்க ஆரம்பிச்சுட்டா. இத எழுதற வரைக்கும் கடைப் பக்கம் வரல. மத்தியானம் சோறு வரும்னு எனக்குத் தோணல, வராதது நியாயம்தான்.

இப்ப உன் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்றேன். புதுசா கத்துக்கறவனுக்கு, அதுவும் ஆபீஸ் விட்டு வந்து அரை மணி நேரம் உட்காரறவனுக்கு, பட்டன் பேஞ்சோதான் சரி. ரொம்பச் சின்னதா பொம்மை மாதிரி விக்கறத வாங்காத, அதுல பட்டன் கம்மி, பாதி பாட்டுல நின்னு போவ. ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி விட்டுப் பாரு, ஒட்டிக்காம உடனே மேல எழும்பணும். கரண்ட்டு மாட்டற மாதிரி வர்றது மேடைக்கு, வீட்டுக்கு வேணாம். சுதி சேர்க்க பாய் இருக்காரு, அவர விட நல்லா சொல்லித் தர இந்தப் பக்கத்துல ஆளு இல்ல. ரவுண்டு மேல ஆசை இருந்தா அதையும் மடியில வெச்சுப் பாரு. அதுல கழுத்து உன் இடது பக்கம் வரும், உன் இடது கண்ணுக்கு விரலு தெளிவா தெரியாது, முகத்தத் திருப்பித்தான் பாக்கணும். கொஞ்ச நாள்ல கைக்கே எடம் தெரிஞ்சுடும்னு கடைக்காரம்மா சொன்னாங்க. கண்ணுக்காக ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண எடுக்காத. உன் கண்ண வெச்சு உனக்கு முடிவு பண்ணதெல்லாம் போதும்.

கவருக்குள்ள அந்த ஒயர வெச்சிருக்கேன். அட்டையில ஒட்டியிருக்கேன், பார்த்துப் பிரி. சனிக்கெழமை கடையில நெசமான கம்பி ரெண்டு செட்டு வாங்கு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. இது இன்னும் நெளிஞ்சுகினுதான் இருக்குது. அறுந்த முனைக்குக் கிட்ட வரிசையா சின்னச் சின்னப் பள்ளம் தெரியும். அது பிளையர் பல்லு. அந்த எடத்துலதான் அறுந்துச்சு. அது உன் விரலால ஆகற வேலை இல்ல, ஆறு வயசு விரலால இல்ல, எந்த வயசு விரலாலயும் இல்ல.

ஞாயித்துக்கெழமை காலையில நான் ஸ்டேஷனுக்கு வரேன். உனக்கு என்ன பாக்க வேணாம்னா எறங்கி நேரா பாய் கடைக்குப் போயிடு, நான் குறுக்க வர மாட்டேன். என்ன திட்டணும்னா எல்லார் முன்னாடியும் திட்டு, எவ்வளவு பேரு நின்னாலும் சரி. நான் அன்னிக்கு பேசினது நாலு பேரு முன்னாடிதான். மன்னிச்சுடுன்னு எழுதி ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன், அந்தக் கறைதான் போன பக்கத்துல இருக்கறது. அத எழுத்துல கேக்கறது சரியில்ல, நேருல கேக்கறேன். பாப்பாவையும் இட்டுகினு வா. பேஞ்சோவோட வந்த கம்பிய அவுத்துட்டு, நீ வாங்கின புதுசு மாட்டறத பாய் காட்டுவாரு, ஆனா திருகறது நீ திருகு. முகத்த தள்ளி வெச்சுக்க, மெதுவா திருகு, கைய எடுக்காத. அடுத்த கம்பிய பாப்பா திருகட்டும். நடுவுல அறுந்து போச்சுன்னா, கம்பி அறுந்துச்சு, வேற போடலாம்னு அவ கிட்ட சொல்லு. அவ்வளவுதான் சொல்லணும். அந்த ஒரு வரியத்தான் நான் உனக்குச் சொல்லாம விட்டேன்.

நீ கை வெச்சாலும் உடையாத பேஞ்சோ எதுன்னு கேட்ட. நீ கை வெச்சு இது வரைக்கும் ஒண்ணும் உடைஞ்சதில்ல தணிகா. எத வேணா வாங்கு.

நைனா